அக்கா பார்க்க வந்த நாடகம்

1

இன்று ஆடிப் பதினெட்டு. நம் பக்கம் இந்நேரம் பரமத்தி வேலூர் பாலத்தின் மேல் பஸ் நகராது. காவிரிக் கரையில் முளைப்பாரியும் ஈரத்துணியுமாக நிற்க இடம் இருக்காது. எனக்கு இங்கே காலை டூட்டி.

இங்கிலாந்தின் நடுவில் ஒரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். சங்ககிரியில் லாரி ஓட்டிய கை. மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது, அவள் பின்னால் நான் வந்தேன். "பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு ஏரோப்பிளேன் ஏறுனவன்" என்று ஊரில் எனக்கொரு பட்டம் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். வந்த புதிதில் இங்கே எனக்குப் பழக்கமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், வண்டியில் ஸ்டீயரிங் நம்மூர் போலவே வலது பக்கம். மற்றதெல்லாம் முதலிலிருந்து கற்றுக்கொண்டதுதான். இத்தனை வருடம் ஆகியும், கம்பைப் பிடித்துத் தடுமாறி ஏறுகிற வெள்ளைக்காரக் கிழவிகளிடம் "பாத்து, சாமி" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

என் பஸ் போய்த் திரும்புகிற ஊரில்தான் அந்த நாடகக்காரர் பிறந்தார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆள். பேர் சொல்ல வேண்டியதில்லை, இங்கிலீஷ் பாடம் எடுத்துப் படித்த யாரையாவது கேளுங்கள், பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்வார்கள். கோடை வந்தால் என் பஸ்ஸில் பாதிப்பேர் அவர் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், மீதிப்பேர் அவர் நாடகத்தைப் பார்க்கப் போகிறவர்கள்.

இன்று காலை ஓர் அப்பாவும் மகளும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நாடகத்துக்குத்தான் போகிறார்கள். கப்பல் கவிழ்கிற கதை என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "முடிவைச் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த நாடகத்தின் முடிவு எனக்குத் தெரியும். இந்த ஜூன் மாதம் என் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன்.

2

அக்கா பேர் பூங்கொடி. நாமக்கல் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் லாரிக்கு ஃபைனான்ஸ் வாங்கத்தான் எல்லோருக்கும் தெரியும், இலக்கியம் படித்தது அவள் ஒருத்திதான். காலேஜ் நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது கோமாளி வேஷம். அம்மாவுக்கு ஒரே அவமானம். "ராணி வேசம் கட்டக் கூடாதா? உனக்கென்ன மூக்கு கோணலா?" என்று திட்டினாள்.

"போம்மா. அந்தாளு நாடகத்துல ராசாகிட்ட எவன் உண்மை சொன்னாலும் தலை போயிரும். கோமாளி சொன்னா மட்டும் ராசா சிரிச்சுட்டுக் காசு குடுப்பான். நாம எந்தப் பக்கம் இருக்கோணும்?" என்றாள் அக்கா.

அந்த வேஷத்தை அவள் கலைக்கவே இல்லை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழையும் கரும்பும் வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். அங்கே பெரிய மாமனார் ஒருவர், வாய்க்கால் வரப்புத் தகராறில் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்டவர். அவர் மாடி வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். தம்பிக்கு அழைப்பு இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்க, அக்கா இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டாளாம்: "ஏனுங்க மாமா, இத்தனை பெரிய ஊட்டைக் கட்டிப்போட்டு, வயிறெரியறதுக்கு ஒரு பங்காளி கூட வரலீன்னா, போட்ட காசு வீணுங்களே?"

பெரியவர்தான் முதலில் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். இதே விஷயத்தை யோக்கியமாக எடுத்துச் சொல்லப் போன நான்கு பேரைத் திண்டாட விட்டவர் அவர்.

நான் இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுவோம். அந்த நாடகக்காரரை அவள் 'வாத்தியார்' என்றுதான் சொல்வாள், முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்ற வாத்தியார் ஊட்டு வழியாத்தான தெனமும் வண்டி ஓட்டற, ஒரு நாடகமாச்சும் பாத்தியா?" இல்லை என்பேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சுக்கு வருவாள்.

3

அவளுக்கு ஒரே பையன். கவின். நல்ல உயரம், எங்கள் இரண்டு குடும்பத்திலும் அத்தனை உயரம் எவனும் கிடையாது. நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவான். இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான்.

போன வருடம் ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு இருகரை புரண்டது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு குளிக்கப் போனான். சட்டையையும் போனையும் கரையில் வைத்துவிட்டு இறங்கினான். மற்றவர்கள் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை.

மாயனூர் கதவணை வரைக்கும் தேடினார்கள். பரிசல்காரர்கள், தீயணைப்புக்காரர்கள், அக்கா வீட்டுக்காரரான மாமா, பங்காளிகள் எல்லோரும் தேடினார்கள். நான் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்து, நானும் கரையோரக் கோரையில் காலை விட்டு விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. ஆறு தரவே இல்லை.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அதற்கே எல்லாச் சடங்கும் செய்து முடிப்பது வழக்கம். பெரியவர்கள் கூடி அதைத்தான் சொன்னார்கள். அக்கா வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"நான் பெத்தது புல்லு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா மாட்டைக் கட்டினாள், சோறு ஆக்கினாள், கவின் போனுக்கு மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள். எங்கேயாவது கரை ஒதுங்கி நினைவு தப்பிக் கிடப்பான், நினைவு வந்தால் முதலில் தன் நம்பருக்குத்தான் கூப்பிடுவான் என்பது அவள் கணக்கு. ஒரு கண்ணீர் இல்லை, ஒரு கேலி இல்லை. எங்கள் அக்காவிடம் கேலி நின்றுபோனது எனக்கு எத்தனை பயமாக இருந்தது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. மாமா ஒருநாள் போனில், "மாப்ள, இவ இப்படியே இருந்தா நான் ரண்டு பேருக்குக் காரியம் பண்ணோணும்" என்று சொல்லிவிட்டு விசும்பினார். அன்றைக்குத்தான் அவளை இங்கே கூட்டி வருவது என்று முடிவு செய்தேன்.

4

விசா என்றால் சும்மாவா? நிலத்துப் பட்டா, மாமாவின் வங்கிக் கணக்கு, என் சம்பளச் சீட்டு, என் வீட்டில் எத்தனை அறை, அதில் எத்தனை பேர் தூங்குகிறோம், எல்லாம் கேட்டார்கள், எல்லாம் கொடுத்தோம். கோயமுத்தூர் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாள். முதல் தடவை இல்லை என்று வந்தது. சொந்த ஊருக்குத் திரும்பிப் போவதற்குப் போதுமான காரணம் இவருக்கு இருப்பதாகத் தெரியவில்லையாம்.

நான் போனில் அந்தப் பதிலைப் படித்துக் காட்டிவிட்டு, அந்த அதிகாரியின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எருமைய யாரு கறப்பான்னு கேக்க வேண்டியதுதான சாமி" என்றாள். பழைய அக்கா எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே குரல் மாறிவிட்டது. "பையன் வந்தா கதவு தொறக்க ஆளு வேணும். அதுக்கு மேல என்ன காரணம் வேணுமாம் அவனுக்கு?"

இரண்டாவது தடவை விண்ணப்பம் போட்டபோது, எதற்காகப் போகிறீர்கள் என்ற இடத்தில் 'தம்பியைப் பார்க்க' என்று எழுதச் சொன்னார் சேலத்து ஏஜென்ட். அக்கா கேட்கவில்லை. 'நாடகம் பார்க்க' என்று எழுதச் சொன்னாள். "அம்மா, சினிமாவுக்குப் போற மாதிரி எழுதக் கூடாதுங்க" என்று அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டையும் எழுதினார்கள். எதற்காகக் கிடைத்தது என்று தெரியாது, கிடைத்துவிட்டது.

5

ஏர்போர்ட்டில் என் மகள் இனியா அத்தையைக் கட்டிக்கொள்ளவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பதினேழு வயதுப் பெண். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு எதிரே நின்று, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னாள். பள்ளியில் சொல்லிக் கொடுத்த வாசகம். நம்மூரில் இப்படி ஒரு வீட்டு ஆளைப் பார்த்தால் தோளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுவார்கள், வாசகம் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அக்கா என்னைத்தான் பார்த்தாள். "எழப்பா? நான் இன்னம் ஒண்ணும் எழக்கலியே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கவின் போனைப் பையிலிருந்து எடுத்து, சமையலறை ஜன்னலோரம் சார்ஜில் போட்டாள். இங்கேயும் அந்த நம்பர் வேலை செய்ய என்ன வழி என்று கேட்டு, என்னையே செய்ய வைத்தாள். இனியா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள் என்பது மறுநாள் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மகளுக்கு அழத் தெரிகிறது, அதை எந்த மொழியில் எங்களுக்குக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நாங்களும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் நான் டூட்டிக்குப் போன நேரங்களில் அவர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. இனியாவுக்கும் பள்ளியில் அதே நாடகக்காரர்தான் பாடம். அவளுக்கு அவர் ஒரு தலைவலி. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கதையை அவிழ்த்துச் சொல்வாள், பாதி இங்கிலீஷ், பாதி நம்மூர்ப் பேச்சு. ஒருநாள் நான் ஷூவைக் கழற்றும்போது இனியா ராணி போலக் கையை ஆட்டி, "சும்மா இருங்க, உங்க தலை போயிரும்ங்க" என்றாள். அந்த 'ங்க'வைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாடகத்துக்கு டிக்கெட் எடுக்கிற பொறுப்பை இனியாவிடமே விட்டேன். ஒன்று மட்டும் சொன்னேன். "சோகம் வேண்டாம். காமெடியாப் பாத்து எடு."

"காமெடிதான்" என்றாள்.

6

நாடகத்தன்று காலையில் நாடகக்காரர் பிறந்த வீட்டுக்குப் போனோம். தாழ்ந்த விட்டம், சாய்ந்த தரை. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. உள்ளே விளக்கிச் சொல்கிற அம்மாள் ஒருவர், நாடகக்காரருடைய ஒரே மகன் சின்ன வயதிலேயே இறந்துபோனான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார். அக்கா நகரவில்லை. இனியாவை அனுப்பி அந்த அம்மாளைத் திரும்ப அழைத்தாள். பிறகு தானே இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாக, இன்றைக்கு நாங்கள் பார்க்கப் போகிற நாடகத்தின் பேரைச் சொல்லி, எது முந்தி, பையன் செத்ததா, நாடகம் எழுதியதா என்று கேட்டாள்.

பையன் இறந்ததுதான் முந்தி, நாடகம் அதற்குச் சில வருடம் கழித்து என்றார் அந்த அம்மாள்.

அக்கா தலையாட்டினாள். மத்தியான ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தோம்.

திரை விலகியது. இடி, மின்னல், கப்பல் கவிழ்கிறது. ஒரு பெண் கரையேறுகிறாள். அவளோடு இரட்டையாகப் பிறந்தவன் ஏறவில்லை. அவன் தண்ணீரோடு போய்விட்டான் என்கிறார்கள்.

"உனக்குப் புத்தி இருக்கா? இதுதான் காமெடியா?" என்று இருட்டில் இனியாவின் காதில் சீறினேன். எழுந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாக்கா, போலாம். இது நமக்கு வேண்டாம்."

"உக்காரு சாமி."

"அக்கா..."

"எனக்குக் கதை தெரியும். பி.ஏ.ல இதத்தான் படிச்சன். அவன் சாவல. கடைசீல வருவான்."

இனியா குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "அத்தைதான்ப்பா இது வேணும்னாங்க. அப்பாகிட்டச் சொல்லாதேன்னாங்க."

உட்கார்ந்துவிட்டேன். மேடையில் என்னென்னவோ நடந்தது, கோமாளி வந்தான், பாடினான், எஜமானர்களை முட்டாளாக்கினான். அரங்கமே சிரித்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. தண்ணீரில் போனவன் பாதி நாடகத்துக்கு முன்பே வேறொரு கரையில் உயிரோடு வந்து நின்றுவிடுகிறான். பார்க்கிற எங்களுக்கு அது தெரியும், அவன் தங்கைக்கு மட்டும் தெரியாது. ஆண் வேஷம் போட்டுக்கொண்டு அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அக்கா சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் அவன் வந்தான். மேடையின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, ஏதோ கடைவீதிக்குப் போய்விட்டு வருகிறவன் போல, சாதாரணமாக நடந்து வந்தான். தங்கை பார்த்தாள். அவனும் பார்த்தான். சுற்றி நிற்கிறவர்கள் ஒரே சாயலில் இருவரைப் பார்த்து முழிக்க, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, பழைய அக்காவின் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் இத்தனை பாடுபட்டேன். பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

7

அரங்கத்துக்கு வெளியே ஓர் ஆறு ஓடுகிறது. அன்னங்கள் மிதக்கின்றன, ஜனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு புல்லில் கிடக்கிறார்கள். அக்கா கரையில் நின்று பார்த்தாள்.

"இதுக்குப் பேரு ஆறா? நம்மூர் ராஜவாய்க்காலே இதுக்கு அண்ணன்" என்றாள்.

நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இனியாவை ஒரு பக்கம், என்னை ஒரு பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாளா நான் என்ன நெனச்சிட்டிருந்தன் தெரியுமா சாமி? தண்ணில போனவன் திரும்பி வருவான்னு அத்தனை பெரிய மனுசன் எழுதிருக்கறாரு, அப்ப அதுல ஏதோ இருக்குதுன்னு. ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சிக்குவன். இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது, அவரும் பையனத் தூக்கிக் குடுத்துட்டு ஒக்காந்து எழுதிருக்கறாரு."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"வருவான்னு நம்புறவன் வாசல்ல போயி நிப்பான்டா. என்னாட்டம். ஒக்காந்து எழுத மாட்டான். வரமாட்டான்னு தெரிஞ்சதுக்கப்பறம்தான் எழுதிருக்கறாரு. ஒருக்காவாச்சும் கதவத் தொறந்துட்டு வரட்டும், பாத்துக்கலாம்னு."

"நானும் ஒருக்கா பாத்துட்டன். போதும்" என்றாள் அக்கா. "மாமாவுக்குப் போனப் போடு. ஆடி அமாவாசைக்குப் பண்ணிரச் சொல்லு."

அதைச் சொல்லிவிட்டு உடைந்தாள். ஒரு வருடத்து அழுகை. ஐஸ்கிரீம் தின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துக்கொண்டு போகட்டும். இனியா எந்த வாசகமும் சொல்லவில்லை. அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு, நம்மூர்ப் பெண்கள் அழுவது போலவே, குரலெடுத்து அழுதாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

8

ஊருக்குப் போகும் நாளன்று விசா அதிகாரியை நினைவு வைத்திருந்தாள். "நான் திரும்பிப் போயிட்டன்னு அந்த மவராசனுக்குச் சொல்லிப்போடு, பாவம், கவலையாவே இருப்பான்" என்றாள்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆடி அமாவாசையன்று விடிந்தும் விடியாமல் டிப்போவில் வண்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. போன் திரையில் 'கவின்' என்று இருந்தது. எடுத்தால் அக்கா. "இதுலதான் சாமி டேட்டா கெடக்குது, இந்த மாசத்தோட முடியுது. அதுக்குத்தான் இதுல கூப்புட்டன்" என்றாள்.

காவிரிக் கரை தெரிந்தது. மாமா மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் நின்றார். சடங்கு செய்கிறவர் தர்ப்பையைப் பிரித்து, கை, கால், தலை என்று கட்டி முடித்து, வாழை இலையில் கிடத்தினார். கரையில் அவன் கழற்றி வைத்துப் போன சட்டை மடித்தபடி பக்கத்தில் இருந்தது. அதை மேலே போர்த்தக் கையில் எடுத்தார்.

அக்கா போனை யாரிடமோ கொடுத்துவிட்டுக் குனிந்தாள். இலையில் கிடந்ததைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள் அவரிடம். "அவன் இன்னங் கொஞ்சம் ஒசரமுங்க."

அவர் கட்டைப் பிரித்து, இன்னொரு பிடி புல்லை எடுத்தார்.